ஒண்ணு – சைபர்

மரக்காணத்தில் பிரேசிலுக்கு ரசிகர்கள் உண்டு, அர்ஜென்டினாவுக்கும் உண்டு. போர்ச்சுகல் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட ரொனால்டோவுக்காகச் சண்டை போடுவார்கள். உலகக் கோப்பை நடக்கிற வருஷம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குப்பங்களில் காதணி விழா பேனருக்குப் பக்கத்திலேயே மெஸ்ஸி பேனரும் கட்டியிருக்கும். இந்திய அணியின் ரசிகன் என்று சொல்லிக்கொள்பவன்தான் இங்கே விசித்திரப் பிராணி. அதிலும் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்துபோனவர்களைப் பற்றிக் கருத்து வைத்திருக்கிறவன் என்றால், டீக்கடையில் எதிர்ப் பெஞ்சு தானாகக் காலியாகும்.

எனக்கு அந்தக் கருத்து உண்டு. நான் பார்த்த காலத்தில் இந்தியாவுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போன பயிற்சியாளர்கள் எல்லோரும் கண்ணுக்கு அழகில்லாத ஆட்டத்தை ஆடவைத்தவர்கள். அவர்களைத்தான் நாம் அதிகம் திட்டினோம். அழகான ஆட்டம் தருவேன் என்று வாய் நிறையச் சொன்னவர்களை நம்பினோம். அவர்கள் கைவிரித்துவிட்டுப் போனார்கள். இதை என் மச்சானிடம் எத்தனையோ மழைக்காலத்தில் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் பிரேசில் கட்சி. ஒத்துக்கொள்ள மாட்டார்.

மழைக்காலம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் தை மாதம் பாத்தியைச் சீர்செய்து, வரப்பைப் பூசி, வெயில் ஏற ஏற உப்பு வாருவார்கள். ஆவணி, புரட்டாசி வரை ஓடும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அளம் முழுக்கத் தண்ணீர். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் வெள்ளக்காடாக நிற்கும்போது வார உப்பும் இல்லை, தூக்க மூட்டையும் இல்லை. அந்த மூன்று மாதத்துக்கு அரசாங்கம் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது சில வருஷமாகத்தான். அதற்கு முன்பு நிவாரணம் என்றால் கடன்தான். நான் லோடுக்குக் கணக்கு எழுதுகிறவன். மச்சான் உப்பு லாரி ஓட்டுகிறவர். ஐப்பசி முதல் மார்கழி வரை எங்கள் இருவருக்கும் டீக்கடைதான் ஆபீஸ்.

கால்பந்து எனக்குச் சித்தப்பாவிடமிருந்து வந்தது. சித்தப்பா பலகை பிடித்து உப்பு வாரியவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த பாதங்கள். அவர் எங்களுக்குச் சொன்ன முதல் கால்பந்துக் கதை, 1950இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியா போகாத கதை. “நம்ம பசங்க வெறுங்கால்ல ஆடுவானுங்க. பூட்ஸ் போட்டாத்தான் விடுவேன்னு சொல்லிட்டான் வெள்ளக்காரன். போடா நீயும் உன் கோப்பையும்னு வந்துட்டானுங்க.” சொல்லும்போது தன் காலையே பார்த்துக்கொள்வார். அந்தக் கதையில் அவருக்கு ஒரு பங்கு இருந்தது.

கதை பொய். அந்த ஆண்டு மற்ற அணிகள் விலகியதால் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது உண்மை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 1–2 என்று தோற்றதும் உண்மை. அந்த ஆட்டத்தில் நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டியும் வீண். ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். ஆனால் பிரேசில் போகாததற்குக் காரணம் பூட்ஸ் இல்லை. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பையை அவர்கள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அன்றைய அணித்தலைவர் சைலேன் மன்னாவே பிற்காலத்தில் வெறுங்கால் கதை சாக்குதான் என்று சொல்லியிருக்கிறார். இதைச் சித்தப்பாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அவர் போன பிறகு மச்சானிடம் சொன்னேன். “அப்பவும் ஆபீசருங்கதானா?” என்றார். எங்கள் இருவருக்கும் கருத்து ஒன்றுபட்ட அபூர்வமான தருணம்.

சித்தப்பாவின் இன்னொரு கதை உண்மை. 1962 செப்டம்பர், ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடாததை ஓர் இந்திய அதிகாரி கண்டித்துவிட்டார் என்று அந்த ஊரே நம்மீது கோபத்தில் இருந்தது. ஸ்டேடியம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல். பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கைத் தடுப்பாட்டத்திலிருந்து எடுத்து, முன்னால் கோல் போடும் இடத்தில் நிறுத்தினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். தென் கொரியாவை 2–1 என்று வென்றோம். தொடரின் முதல் ஆட்டத்தில் நம்மை 0–2 என்று அடித்த அதே தென் கொரியா. அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அந்த அணியின் துளசிதாஸ் பலராம் செகந்திராபாத் பக்கம் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். இந்த இரண்டு பெயரையும் சித்தப்பா “நம்ம ஆளுங்க” என்று அழுத்திச் சொல்வார்.

ரஹீமுக்கு நுரையீரலில் புற்றுநோய். அடுத்த ஆண்டு ஜூனில் இறந்துபோனார். அவருக்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நாம் தங்கம் வாங்கவில்லை. ‘மைதான்’ படம் வந்த பிறகு எல்லோரும் ரஹீமின் கனவைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய கனவைவிட ஜர்னைல் சிங்கின் தையல்தான் பெரிதாகத் தெரிகிறது. கையில் என்ன இருக்கிறதோ, எந்த நிலையில் இருக்கிறதோ, அதை வைத்து அந்தத் தொண்ணூறு நிமிடத்தைத் தாண்டுவது. என் கட்சியின் முதல் தலைவர் அவர்தான். அவருடைய அணி அழகாகவும் ஆடியது என்பது உபரி லாபம்.

மச்சானுக்குப் பிரேசில் பிடித்தது 1986இல். பஞ்சாயத்து டிவி இருந்த கட்டடத்தின் முன்னால் பாய் போட்டு, நடுராத்திரியில் மெக்சிகோ ஆட்டங்களைப் பார்த்தோம். பிரான்ஸுடன் காலிறுதியில் ஜீக்கோ பெனால்டியைக் கோட்டைவிட்டார். ஆட்டம் 1–1. கடைசியில் பெனால்டிகளில் சாக்ரடீஸும் விட்டார். பிரேசில் வெளியே. மச்சான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பிரேசிலின் பயிற்சியாளர் தெலே சந்தானா. 1982இலும் அவர்தான். இரண்டு முறையும் உலகமே ரசித்த ஆட்டம், இரண்டு முறையும் கோப்பை இல்லை. பிறகு 1994இல் பரெய்ரா என்ற பயிற்சியாளர் வந்தார். அமெரிக்காவை ஒன்று–சைபர், ஸ்வீடனை ஒன்று–சைபர், இறுதியில் இத்தாலியுடன் கோலே இல்லாமல் இழுத்துப் பெனால்டியில் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். பிரேசில்காரர்களே அவரைத் திட்டினார்கள். “அது பிரேசில் ஆட்டமே இல்ல மச்சான்” என்று இவரும் இன்றுவரை சொல்கிறார். கோப்பை மட்டும் கணக்கில் சேரும். அஞ்சு நட்சத்திரம் என்று பெருமையாக எண்ணும்போது அதையும் சேர்த்துத்தான் எண்ணுவார்.

என் கருத்து கெட்டிப்பட்டது பாண்டிச்சேரியில், 1998இல். மரக்காணத்துக்காரனுக்குப் பாண்டிச்சேரிதான் டவுன். அங்கே குருசுக்குப்பத்தில் ஒரு சொல்தா தாத்தாவைத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, பென்ஷன் பிராங்கில் வாங்கியவர். வீட்டில் பெரிய டிவி. உலகக் கோப்பைக்கு அவர் வீட்டு முன் அறையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் பிரான்ஸை எதிர்த்துப் பேசக் கூடாது. ஜூலை 8, பிரான்ஸுக்கும் குரோஷியாவுக்கும் அரையிறுதி. நமக்கு அது நள்ளிரவுக்கு மேல் அரை மணி. இரண்டாம் பாதி தொடங்கியதும் சூக்கர் அடித்தார், குரோஷியா முன்னால். அடுத்த நிமிடமே துராம் என்ற தடுப்பாட்டக்காரர் சமன் செய்தார். பிறகு இன்னொன்றும் அவரே. நாட்டுக்காக அவர் தன் வாழ்நாளில் போட்டது அந்த இரண்டு கோல்தான்.

ஆட்டம் முடிந்ததும் தாத்தா கோல் போட்டவரைப் பற்றிப் பேசவில்லை, பயிற்சியாளரைப் பற்றிப் பேசினார். எமே ஜாக்கே. போட்டிக்கு முன்பு பிரான்ஸின் பெரிய விளையாட்டுப் பத்திரிகையான லெக்கிப் அவரை நார்நாராகக் கிழித்திருந்தது. கற்பனை இல்லாதவர், பயந்தாங்கொள்ளி, இவரை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது என்று. தாத்தாவின் பிள்ளைகள் பாரீஸிலிருந்து போனில் அதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். “தம்பி, அவன் பின்னாடி நாலு சொவுரு கட்டிட்டு ஆட்டத்துக்குப் போறான். பேப்பர்காரனுக்குப் பூந்தோட்டம் வேணுமாம்” என்றார். நான்கு நாளில் பிரான்ஸ் கோப்பையை வாங்கியது. பாண்டி கடற்கரைச் சாலையில் வெடி வெடித்தது. ஜாக்கே அந்தப் பத்திரிகையை மன்னிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப்போனார். அந்தச் சுவர் என்ற பேச்சு என் மண்டைக்குள் அப்படியே நின்றுவிட்டது.

அன்று தோற்ற குரோஷியாவின் தடுப்பில் நின்ற ஒருவர் இகோர் ஸ்டிமாச். பிற்பாடு அவரே நம்மிடம் வந்துசேர்வார் என்று அந்த ராத்திரி யார் கண்டது?

இந்திய அணி அந்த நாட்களில் எங்களுக்குத் தினத்தந்தியின் விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரி. சென்னையில் நேரு ஸ்டேடியத்தைப் புதிதாகக் கட்டி, 1993இல் நேரு கோப்பையை நடத்தியபோது லோடு இறக்கப்போன சாக்கில் ஒரு ஆட்டம் பார்த்தேன். கோப்பையை வட கொரியா கொண்டுபோனது. 1996 பிப்ரவரியில் உலகத் தரவரிசையில் 94ஆம் இடம் வரை ஏறினோம் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது.

கேபிள் வந்த பிறகு பார்த்த முதல் ‘என் ஆள்’ பாப் ஹௌட்டன். இங்கிலாந்துக்காரர், 2006இல் வந்தார். ஸ்வீடனின் மால்மோ என்ற சிறிய கிளப்பை 1979இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி வரை இழுத்துக்கொண்டுபோனவர். அங்கே தோற்றதும் ஒன்று–சைபர்தான். இங்கே வந்து அவர் செய்தது எளிமையான காரியம். பின்னால் நால்வர், அவர்கள் முன்னால் நால்வர், இரண்டு வரிசையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் நிற்க வேண்டும். பந்து கிடைத்தால் யோசிக்காமல் முன்னால் தூக்கு, பூட்டியாவும் சேத்ரியும் துரத்திக்கொள்வார்கள். மச்சானுக்கு அதைப் பார்த்து வாந்தி வந்தது. “என்னாய்யா இது, தேங்கா பறிக்கிற மாதிரி அண்ணாந்தே பாக்கறானுங்க!” 2007 ஆகஸ்டில் டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் நேரு கோப்பை இறுதி. சிரியாவுக்கு எதிராக என்.பி. பிரதீப் ஒன்று வைத்தார். ஒன்று–சைபர். கோப்பை நம்முடையது.

அடுத்த ஆண்டு அதே மைதானத்தில் தஜிகிஸ்தானை 4–1 என்று வென்று, ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை வழியாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தோம். சேத்ரிக்கு மூன்று கோல். 27 ஆண்டு கழித்து ஆசியாவின் பெரிய பந்தியில் நமக்கு இலை போட்டார்கள். 2011இல் தோஹாவில் ஆஸ்திரேலியா நான்கு, பஹ்ரைன் ஐந்து, தென் கொரியா நான்கு என்று அடித்ததும் நிஜம். தென் கொரியாவுடன் சுப்ரதா பால் கோலில் இல்லாவிட்டால் எண்ணிக்கை இரட்டை இலக்கத்துக்குப் போயிருக்கும். பத்திரிகைகள் ஹௌட்டனின் பழைய பாணியைக் குறை கூறின. பழைய பாணியால்தான் அங்கே போனோம் என்பதை யாரும் எழுதவில்லை.

அடுத்தவர் ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன். 2002இலேயே ஒருமுறை வந்துபோனவர், 2015இல் திரும்பவும் வந்தார். அந்த ஆண்டு நம் தரவரிசை 173 வரை இறங்கியது. குவாம் என்றொரு குட்டித் தீவிடமே தோற்றோம், ஊரே சிரித்தது. அவர் அசரவில்லை. வயதானவர்களைக் கழித்தார், சின்னப் பையன்களைக் கூப்பிட்டார். தடுப்பில் ஜிங்கனை நிறுத்தினார், பிறகு நடுவில் தாப்பாவைக் கொண்டுவந்தார். 13 ஆட்டம் தோற்காமல் போன ஒரு ஓட்டமும் வந்தது. 2017 ஜூலையில் 96ஆம் இடம். எல்லாம் குறைந்த கோலில், பந்தை நம்மிடம் வைத்துக்கொள்ளாமல், எதிரி செய்யும் தவறுக்குக் காத்திருந்து. பந்து நம்மிடம் இருந்தால்தானே நாம் தப்பு செய்வோம் என்பது அவருடைய கொள்கை என்று நான் மச்சானிடம் விளக்கினேன். “அப்படின்னா பந்தையே குடுக்காம ஆட சொல்லேன்” என்றார். நல்ல பதில்தான். ஆனால் 96 என்பது 96.

அந்த அணியை நாடு எப்படிப் பார்த்தது தெரியுமா? 2018 ஜூனில் மும்பையில் சைனீஸ் தைபேயை 5–0 என்று வென்றபோது அரங்கில் இருந்தது 2,569 பேர். சேத்ரி ஒரு வீடியோவில் கைகூப்பி, வந்து திட்டவாவது திட்டுங்கள், ஸ்டேடியத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லை. ஒரு நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆள் சேர்க்க வேண்டிவந்தது பெருமையா, வெட்கமா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

2019 ஜனவரி 6. அபுதாபியில் ஆசியக் கோப்பை முதல் ஆட்டம், தாய்லாந்தை 4–1. மச்சானே எழுந்து நின்றார். அடுத்து அமீரகத்திடம் 0–2, ஆனால் ஆடிய ஆட்டம் கௌரவமானது. மூன்றாவது பஹ்ரைனுடன், ஜனவரி 14, போகிப் பண்டிகை அன்று. சமன் செய்தாலே அடுத்த சுற்று கிட்டத்தட்ட உறுதி. சாயங்காலம் தெருவில் பழைய பாயும் முறமும் எரித்த கரி இன்னும் கிடந்தது. மறுநாள் பொங்கல், அதற்கு மறுவாரம் அளத்தில் பாத்தி வேலை தொடங்க வேண்டும். வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் கரும்பும் மஞ்சளும் வாங்கப் போய்விட்டார்கள். மச்சானும் நானும் டிவி முன்னால்.

அன்று கான்ஸ்டன்டைன் கட்டிய சுவர் தொண்ணூறு நிமிடம் நின்றது. நான் பார்த்ததிலேயே அழகில்லாத இந்திய ஆட்டம் அதுதான், எனக்கு நெஞ்சு அடைத்ததும் அதில்தான். தலையால் வெளியே தள்ளுகிறார்கள், காலால் தள்ளுகிறார்கள், கோல்கீப்பர் குர்ப்ரீத் தாவுகிறார். ஒரு தடவைகூட நம் பக்கம் நாலு பாஸ் சேர்ந்து போகவில்லை. மச்சான் வாயே திறக்கவில்லை. பிறகு கூடுதல் நேரத்தில், பிரணய் ஹால்தர் தாமதமாகக் காலை நீட்டினார். பெனால்டி. ஒன்று–சைபர், அவர்களுக்கு. கான்ஸ்டன்டைன் அங்கேயே, அந்த இரவே விலகுவதாக அறிவித்தார்.

“பாத்தியா, தடுத்துத் தடுத்தே செத்தானுங்க” என்றார் மச்சான். நான் சொன்னது: “தாக்கி ஆடியிருந்தா இருபதாவது நிமிஷமே செத்திருப்போம், பொங்கலுக்குக் கரும்பாவது வாங்கப் போயிருக்கலாம்.”

அதற்குப் பின் வந்தவர்தான் ஸ்டிமாச். குரோஷியா, உலகக் கோப்பையில் மூன்றாம் இடம், வாட்டசாட்டமான ஆள். பந்தைப் பின்னாலிருந்தே பாஸ் செய்து கொண்டுவரும் நவீன ஆட்டத்தை இந்தியாவுக்குச் சொல்லித்தருவதாகச் சொன்னார். மச்சான் மகிழ்ந்துபோனார். வேடிக்கை என்னவென்றால், ஸ்டிமாச் காலத்தின் மிகச்சிறந்த இரவு 2019 செப்டம்பரில் தோஹாவில் ஆசிய சாம்பியன் கத்தாருடன் 0–0. பழைய சுவர் ஆட்டம். குர்ப்ரீத் எல்லாவற்றையும் பிடித்தார்.

2023இல் நம் ஊர்களிலேயே மூன்று கோப்பை வாங்கித்தந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. அவற்றில் ஒன்றான சாஃப் போட்டியில் எல்லைக்கோட்டருகே பாகிஸ்தான் வீரர் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கியதும் அவர்தான். ஆட்டக்காரர்களின் ஜாதகத்தை ஒரு ஜோசியரிடம் காட்டினார் என்று செய்தி வந்தபோது நாடு சிரித்தது. எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. நல்ல நாள் பார்க்காமல் இங்கே எவனும் உப்பு வாரத் தொடங்குவதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வேறு இடத்தில். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பை: ஆஸ்திரேலியா 0–2, உஸ்பெகிஸ்தான் 0–3, சிரியா 0–1. மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. மார்ச் மாதம் குவாஹாட்டியில், சேத்ரியின் 150ஆவது ஆட்டத்தில், ஆப்கானிஸ்தானிடம் 1–2. ஜூன் 6 கொல்கத்தாவில் குவைத்துடன் கோலில்லாமல் முடிந்த ஆட்டத்தோடு 94 கோல் அடித்த மனிதர் விடைபெற்றார். ஐந்து நாள் கழித்து கத்தாரிடம் 1–2. கோட்டுக்கு வெளியே போன பந்தை இழுத்துப் போட்ட கோலை நடுவர் ஒத்துக்கொண்டார், அது அநியாயம்தான். ஆனால் ஆப்கானிஸ்தானிடம் தோற்றதற்கு எந்த நடுவரும் காரணம் இல்லை. அந்த மாதமே ஸ்டிமாச்சை அனுப்பினார்கள்.

அடுத்து வந்த மனோலோ மார்க்கேஸ் விஷயத்தில் நான் பயிற்சியாளரைக் குறை சொல்ல மாட்டேன். கோவா கிளப்பின் வேலையில் இருந்தவரையே, அங்கே தொடர்ந்துகொண்டே தேசிய அணியையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பகலில் ஒரு முதலாளியிடமும் ராத்திரியில் இன்னொருவரிடமும் லாரி ஓட்டினால் எங்கே போய் இடிக்கும் என்று மச்சானைக் கேட்டால் தெரியும். கோல் போட ஆள் இல்லாமல், ஓய்வுபெற்ற சேத்ரியைத் திரும்பக் கூப்பிட வேண்டிவந்தது. ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் 0–0. 2025 ஜூன் 10இல் ஹாங்காங்கில் கடைசி நேரப் பெனால்டியில் 0–1. ஜூலையில் அவரும் போனார்.

அதே ஜூலையின் 5ஆம் தேதி நடந்ததைப் பற்றி டீக்கடையில் பேச எனக்கு ஆள் கிடைக்கவில்லை. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நம் பெண்கள் அணி, தரவரிசையில் நம்மைவிட மேலே இருந்த தாய்லாந்தை 2–1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றது. தகுதிச் சுற்று ஆடி நேராக உள்ளே போனது அதுதான் முதல் முறை. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரி, இந்தியர், அதற்கு முன்பு பலருக்குப் பெயரே தெரியாது.

எங்கள் கடற்கரைக்கு இதில் பங்கு உண்டு என்று நான் வாதாடுவேன். பாண்டியைத் தாண்டித் தெற்கே போனால் கடலூர். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து சொல்லிக்கொடுத்தார். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண்தான், தமிழ்நாடு காவல் துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை இறுதியில் வென்று தேசியக் கோப்பையை வாங்கினார்கள். மணிப்பூர் அந்தக் கோப்பையைத் தன் வீட்டுப் பாத்திரம்போல வைத்திருந்த காலம் அது. அதே சுனாமி எங்கள் குப்பங்களுக்குள்ளும்தான் வந்தது. இங்கே பந்தோடு யாரும் வரவில்லை. எங்கள் பையன்கள் கோடையில் கழுவெளி ஏரி வற்றிய ஓரத்தில் இரண்டு செருப்பை கோல் கம்பமாக வைத்து ஆடுகிறார்கள். பயிற்சியாளர் யார் என்று கேட்டால் யூடியூப் என்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் ஆண்கள் அணிக்கு காலித் ஜமீல் வந்தார். 13 ஆண்டுக்குப் பிறகு ஓர் இந்தியர். 2017இல் ஐசால் என்ற மிசோரம் அணிக்கு ஐ-லீக் வாங்கித்தந்தவர். முந்தைய ஆண்டு கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு, எப்படியோ திரும்பச் சேர்க்கப்பட்ட அணி அது. அவரும் என் கட்சி: பின்னால் பூட்டு, முன்னால் ஓட்டம். வந்த வேகத்தில் ஆடிய தொடரில் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2–1, பிறகு ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். நான் டீக்கடையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அக்டோபரில் சொந்த மண்ணில், கோவாவில் சிங்கப்பூரிடம் 1–2, ஆசியக் கோப்பை வாசல் மூடியது. நவம்பர் 18, டாக்காவில் வங்கதேசத்திடம் 0–1. அவர்களிடம் நாம் தோற்று 22 ஆண்டு ஆகியிருந்தது.

மறுநாள் நல்ல மழை. அளம் முழுக்கத் தண்ணீர், எல்லோரும் டீக்கடையில். “உங்க ஆளை எப்ப தூக்கறாங்க?” என்றார் மச்சான். தூக்கக் கூடாது என்றேன். நாட்டின் பெரிய லீக்கே எப்போது தொடங்கும் என்று தெரியாமல் ஜூலையிலிருந்து முடங்கிக் கிடந்தது, ஆட்டக்காரனுக்கு வாரா வாரம் ஆட்டம் இருக்கவில்லை, கூட்டமைப்பு கோர்ட்டு வாசலில் நின்றது. இதில் மாற்ற முடிந்த ஒரே நபர் பயிற்சியாளர் என்பதால் அவரையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஹௌட்டனுக்கும் கான்ஸ்டன்டைனுக்கும் கிடைத்தது நாலைந்து வருஷம். இவருக்கும் அதைக் கொடு, பிறகு திட்டு.

மச்சானுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. பேச்சைப் பிரேசிலுக்குத் திருப்பினார். அங்கேதான் அவர் மாட்டினார். ஏனென்றால் அவருடைய பிரேசிலுக்கே இப்போது பயிற்சியாளர் வெளிநாட்டுக்காரர். கார்லோ அன்செலோட்டி, இத்தாலி. தடுப்பாட்டத்துக்குப் பேர்போன நாடு. வந்து ஆடவைத்த முதல் ஆட்டம், எக்வடாருடன் 0–0. அடுத்தது, நாம் ஹாங்காங்கில் தோற்ற அதே ஜூன் 10ஆம் தேதி, நமக்கு விடிந்தால் பதினொன்று. பராகுவேயை வென்று பிரேசில் உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்ற ஆட்டம். அன்று காலை மச்சான் லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு எல்லோருக்கும் டீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“அன்னிக்கு எத்தனைக்கு எத்தனை மச்சான்?”

கிளாஸை ஒரு சுற்று சுற்றினார். “வினிசியஸ் போட்டான்.”

“எத்தனைன்னு கேட்டேன்.”

“ஒண்ணு–சைபர்” என்றார். “ஆனா அது பிரேசில்யா. அது வேற.”